தனபாக்கியத்தின் முட்டி விவகாரம்

செப்டம்பர் 9, திங்கள்

என் வீட்டுக்காரி தனபாக்கியத்தை இன்று பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, வலது மூட்டு தேய்ந்திருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி செய்யட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு செல்போன் கடை இருந்த இடத்தில் ஜெசிந்தா என்ற பெண் அந்தப் பயிற்சி நிலையத்தை நடத்துகிறாள். முப்பது வயது இருக்கும். சதா சிரித்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஆகாது. போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தபோது நான் பிடித்த கண்டக்டர்களில் முக்கால்வாசிப் பேர் சிரித்த முகக்காரர்கள்தான்.

ஓரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தேன். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. எண்ணெய்கூடத் தேய்க்கவில்லை. ஒரு துண்டைச் சுருட்டித் தனத்தின் முட்டிக்குக் கீழே வைத்து, அதை அழுத்தச் சொன்னாள். பிறகு காலை நீட்டித் தூக்கச் சொன்னாள். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னாள். உட்கார்ந்து எழுவதற்கெல்லாம் ஒரு வாத்தியாரா?

"கரண்டு வைக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். தொடைச் சதை பலமானா முட்டிக்கு பாரம் குறையும். அதுக்குத்தான் இது."

"இத நாங்க வீட்லயே செஞ்சுக்குவமே."

"வீட்லயும் செய்யணும் சார். தினமும் செய்யணும்," என்று அதற்கும் சிரித்தாள்.

கிளம்பும்போது நான் பெஞ்சிலிருந்து எழுந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சு ரொம்பத் தாழ்வு. வயதானவர்கள் வந்துபோகும் இடத்தில் இப்படியா போட்டுவைப்பது?

செப்டம்பர் 10, செவ்வாய்

மழை. பால் தாமதம். ஹாலில் நடுநாயகமாகக் காலை நீட்டிக்கொண்டு தனம் துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள். காப்பியும் தாமதம்.

செப்டம்பர் 20, வெள்ளி

இப்போதெல்லாம் தனியாகவே போய் வருகிறாள். நான் கூடப் போவதில்லை. அந்த ஜெசிந்தா வாசலில் இரண்டு படி கட்டியிருக்கிறாள், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. எனக்கு வீட்டில் வேலையும் இருக்கிறது.

முதல் வாரம் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், இன்று வரும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

"எங்க போன?"

"எங்கயும் போகலங்க. மெதுவா நடந்து வந்தேன்."

நடந்துவந்தவள் முகத்தில் அவ்வளவு வேர்வை வருமா?

கழிவறைக் குழாய் ஆடுகிறது. எழும்போது பிடித்தால் கையோடு வருகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால், "இதப் போய் எதுக்கு சார் இந்த இழுப்பு இழுக்குறீங்க?" என்று என்னையே கேட்கிறான். வேலையை ஒழுங்காகச் செய்யாதவனுக்குப் பேச்சு மட்டும் குறைவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

"என்னங்க, கீழ்த்தட்டுலேருந்து அந்தக் குண்டான எடுத்துக் குடுங்க. எனக்குக் குனிய முடியல."

போனேன். எனக்கும் இன்று இடுப்பு கொஞ்சம் பிடிப்பாக இருந்தது. இரண்டு பேரும் சிறிது நேரம் அந்தக் குண்டானைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் சாம்பாரைக் குக்கரிலேயே வைத்துவிட்டாள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், வீட்டில் இவளுக்குக் குனியக்கூட முடியாது என்பது பதிவாக வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சைக்கிளுக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு விழுந்து கும்பிட்டாள். அதே நாற்காலியைப் பிடித்து எழுந்தும் விட்டாள். நான் நின்றபடியே கும்பிட்டேன். சாமிக்கு அதுவும் தெரியும்.

"விழுந்து கும்பிடலையா?" என்று கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை.

அக்டோபர் 16, புதன்

இன்று பின்தொடர்ந்தேன்.

செக்கிங் வேலையில் பாலபாடம் ஒன்று உண்டு. பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா நின்று யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அதுபோலத்தான் ஜெசிந்தா கடைக்கு எதிரே பூக்கடை ஓரமாக நின்றேன். ஐந்தரைக்குத் தனம் வெளியே வந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தாள். ஸ்டேஷன் பக்கம் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது.

தண்டவாளத்தைக் கடக்கும் நடைமேம்பாலம் இருக்கிறதே, அதில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு உச்சி வரை ஏறினாள். அந்தப் பக்கம் இறங்குவாள் என்று பார்த்தால் திரும்பி இந்தப் பக்கமே இறங்கினாள். கீழே வந்து மறுபடி ஏறினாள். யாரையும் பார்க்கவில்லை, யாரோடும் பேசவில்லை. நான் பார்சல் ஆபீஸ் சுவரை ஒட்டிக் கீழேயே நின்றேன். ஆளைப் பின்தொடர்பவன் படியில் ஏறினால் மாட்டிக்கொள்வான், தொழில் தெரிந்த யாரும் ஏற மாட்டார்கள்.

ஆக, வீட்டில் குனிய முடியாத முட்டி பாலத்தில் ஏறி இறங்குகிறது. ஒரே பயணியிடம் ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் இருந்தால் அதில் ஒன்று போலி. வலி போலியா, வேறேதுமா என்பதுதான் இனிக் கண்டுபிடிக்க வேண்டியது.

திரும்பி வரும்போது இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தேன், அவள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. அவள் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

தெரிந்துவிட்டது.

நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு மதியம் அடுப்படியில் போன் பேசினாள். எதிர்முனையில் எங்கள் மகள் சுகந்தி. ஓசூரில் இருக்கிறாள், போன பிப்ரவரியில்தான் குழந்தை பிறந்தது.

"மூணு மாடியும் ஏறிருவேன்டி. ஜெசிந்தா தைரியம் குடுத்திருக்கு. டிசம்பர்ல வந்துர்றேன். ஒங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாயத் தெறக்காத."

சுகந்தி வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பேரனைப் பார்க்கக்கூட நாங்கள் ஒரே ஒரு முறைதான் போனோம். அப்போது நான் கீழே வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டேன், பிள்ளையை அவர்களே கீழே கொண்டுவந்து காட்டினார்கள்.

இப்போது எல்லாம் கோவையாக வருகிறது. துண்டு, நாற்காலி, பாலம், வேர்வை, எல்லாம் என்னை விட்டுவிட்டுப் போவதற்குத்தான். அதற்கு அந்தச் சிரிப்புக்காரியும் உடந்தை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வீடியோவில் பேரனைக் காட்டினார்கள். தவழ்கிறான். "அப்பா, நீங்களும் அம்மாவும் இங்கயே வந்திருங்கப்பா," என்றாள் சுகந்தி. ஒப்புக்குக் கூப்பிடுவது குரலிலேயே தெரியாதா? அதிரசம் கடினம்.

நவம்பர் 4, திங்கள்

பயிற்சிக்கென்று ஜெசிந்தா கொடுத்த பச்சை ரப்பர் பட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். வெளியே கிடந்தால் எலி கடித்துவிடும். ஹாலில் இருந்த மர நாற்காலி லேசாக ஆடுகிறது, அதனால் ஆசாரி வீட்டுக்கு அனுப்பினேன். அவசரமில்லை, மெதுவாகச் செய்து கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக, என்னோடு வேலை பார்த்த மணவாளன் வீட்டம்மா இப்படித்தான் உடற்பயிற்சி செய்து முட்டி மொத்தமாகத் தேய்ந்து படுத்துவிட்டார் என்றேன்.

"நேத்து அவுகள உழவர் சந்தையில பார்த்தேனே," என்றாள் தனம். "ரெண்டு பை காய் வாங்கிட்டு நடந்துதான் போனாக."

நவம்பர் 6, புதன்

பழைய நூல் புடவையைக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டிக் காலால் இழுத்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலிக்குப் பதில் கட்டில். பட்டை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது எலியைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 13, புதன்

ஆறப்போட்டது போதும் என்று இன்று கேட்டுவிட்டேன்.

"நடைபாலத்துல ஏறி ஏறி எறங்குறியாமே," என்றேன், யாரோ சொன்ன மாதிரி.

"ஆமா. நீங்கதான் பார்சல் ஆபீசுகிட்ட நின்னுக்கிட்டிருந்தீங்களே."

இருந்தாலும் விடவில்லை.

"வீட்ல குனிய முடியலங்குற. அங்க மட்டும் எப்பிடி ஏறுற?"

"ஏறுறேன்."

"அப்ப வலி இல்ல. அத்தனையும் நடிப்பு."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சுகந்திக்கு லீவு முடியுது. டிசம்பர்லேருந்து வேலைக்குப் போகலைன்னா வேலை போயிரும். பிள்ளையப் பாக்க ஆள் கெடைக்கல. நான் போறேங்க. ரெண்டு பேருமாப் போவம்னுதான் எனக்கு ஆசை."

"ஓசூர் குளிரு எனக்கு ஆகாது."

"குளிரா, மாடியா?"

"என்ன மாடி?"

"ஒங்க முட்டியப் பத்தி ஜெசிந்தாகிட்ட கேட்டேன். அவுகளையும் ஒரு நாள் கூட்டியாங்கம்மான்னுச்சு."

என்னைப் பற்றி ஊரான் வீட்டுப் பெண்ணிடம் போய்ப் பேசியிருக்கிறாள்! "என் முட்டிக்கு என்ன கேடு?" என்று கத்திவிட்டு எழுந்து வெளியே போனேன். எழுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கண் கொட்டாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எழ வரும்?

நவம்பர் 22, வெள்ளி

பேச்சு குறைவு. ரசம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 30, சனி

பெட்டி கட்டினாள். புடவைகள், தைல பாட்டில், பிள்ளைக்குச் சத்துமாவு. எல்லாம் வைத்துவிட்டு, என் பழைய காக்கிச் சட்டைகள் இருக்கும் டிரங்குப் பெட்டியை நேராகப் போய்த் திறந்தாள். அடியில் கைவிட்டு அந்தப் பச்சைப் பட்டையை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். தேடக்கூட இல்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பெட்டியைக் கண்டக்டர் வாங்கி வைத்தார். தனம் இரண்டு கைப்பிடியையும் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குனிந்து என்னைப் பார்த்தாள்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. ஏறுங்க. டிக்கெட்டு உள்ளயே வாங்கிக்கலாம்."

"வீட்ட யாரு பாக்குறது? தண்ணி விடுற அன்னைக்கு யாரு புடிக்கிறது?"

"சரி," என்றாள்.

பஸ் படி தரையிலிருந்து என்ன உயரம்! நாள் முழுக்க ஓடும் பஸ்ஸில் தாவி ஏறியும் இறங்கியும் திரிந்தவன் நான். அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பஸ் நகர்ந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இது என் டைரி, இதில் எழுத என்ன வெட்கம்? பிள்ளை வளர்வதற்கு வருஷக்கணக்காகும். பழகிவிட்டால் அவள் அங்கேயே இருந்துவிடுவாள். நடிக்கத் தெரிந்தவளுக்கு இருந்துவிடவும் தெரியும்.

டிசம்பர் 5, வியாழன்

கரண்டி தரையில் விழுந்தது. வேறு கரண்டி இருக்கிறது.

தினமும் ஏழு மணிக்குப் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, தண்ணீர் வந்ததா, மாத்திரை போட்டீங்களா. நான் யார் வந்தார்கள், எங்கே போனாய் என்று கேட்கிறேன். மூன்று மாடியும் தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிறாளாம், பிள்ளைக்கு வெயில் காட்ட. குரலில் ஒரு கஷ்டமும் இல்லை. நான் சொன்னது சரிதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

அந்தக் கரண்டி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் இப்போது ஒரு சாவியும்.

டிசம்பர் 11, புதன்

ஜெசிந்தாவை நேரில் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று போனேன். வாசல் படி இரண்டையும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உள்ளே வேறு யாரும் இல்லை.

"வாங்க சார்! அம்மா எப்பிடி இருக்காங்க?"

"அவளுக்கென்ன, மூணு மாடி ஏறுறா, எறங்குறா. இல்லாத வலியக் குணப்படுத்த நீங்களும் பயிற்சி குடுத்து அனுப்பிட்டீங்க. இங்க ஒருத்தன் தனியாக் கெடக்குறான், அதப் பத்தி யாருக்கு என்ன?"

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அது இல்லாமல் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"வலி இல்லைன்னு யாரு சார் சொன்னா?"

"பாலத்துல ஏறுறத நானே பார்த்தேனேம்மா."

"ஏறுனா வலி இல்லைன்னு அர்த்தமா? அம்மாவோட எக்ஸ்ரேய நீங்க பாக்கலையா?"

கவரைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்தான். பிரித்துப் பார்த்தது கிடையாது.

"எலும்பும் எலும்பும் ஒட்டுற மாதிரி இருக்கு சார். அப்பிடி இருந்தும் வலியில்லாம நடக்குறவங்களும் இருக்காங்க. அம்மா அப்பிடி இல்ல. ஆரம்பத்துல நாற்காலியிலேருந்து எந்திரிக்கிறப்பவே கண்ணுல தண்ணி வந்துரும். நிறுத்திக்குவமாம்மான்னு கேப்பேன். வேணாம், என் மகளுக்கு வேற ஆள் இல்லைம்பாங்க. இப்ப காலுக்குப் பலம் வந்திருக்கு, வலியும் குறைஞ்சிருக்கு. ஆனா போகல சார். இந்த அளவு வலியோட நடக்கலாம், ஏறலாம், முட்டி கெட்டுப்போகாதுன்னு சொல்லிக் குடுத்தேன். அத நம்பித்தான் ஏறுறாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"கேட்டாத்தான் சார் சொல்லுவாங்க. நான் ஒவ்வொரு தடவையும் கேப்பேன்," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் அந்தத் தாழ்ந்த பெஞ்சிலிருந்து எழப் பார்த்தேன். முதல் தடவை முடியவில்லை. அவள் அருகே வந்து கையைக் கொடுக்காமல், "முன்னால நகர்ந்து உக்காந்து, பாதத்தப் பின்னால இழுத்துட்டு எந்திரிங்க சார்," என்றாள். அப்படிச் செய்தேன். எழ முடிந்தது. "எந்த முட்டி சார்?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கே போனாய் என்று கேட்டிருக்கிறேன். ஏன் தாமதம், போனில் யார், எப்படி ஏறுகிறாய் என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். வலிக்கிறதா என்று கேட்டேனா? அவளாகச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு பக்கம் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா? நம்பியிருக்க மாட்டேன். என் மனைவியைப் பற்றி இதைவிடக் கேவலமாக ஒருவன் எழுதிவிட முடியாது.

ஏழு மணி வரை காத்திருக்க முடியவில்லை. நானே போன் செய்தேன். பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"தனம், முட்டி வலிக்குதா?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"என்னங்க, ஒங்களுக்கு ஒடம்புக்கு என்ன பண்ணுது?" என்றாள் பதறிப்போய்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"யாரு என்ன சொன்னா? எதுக்கு இப்ப திடீர்னு இதக் கேக்குறீங்க? யாராச்சும் வந்தாகளா வீட்டுக்கு?"

இத்தனை வருஷமாக நான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பிள்ளையை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள் போலிருக்கிறது, அங்கே சத்தம் அடங்கியது.

"வலிக்குதுங்க," என்றாள் மெதுவாக. "காலைல எந்திரிக்கிறப்ப உசுரு போகும். ரெண்டாவது மாடியில கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் ஏறுவேன். பிள்ளை இடுப்புல இருந்தா இன்னும் கொஞ்சம். சுகந்திகிட்ட சொல்லிறாதீங்க, வேலைய விட்ருவா."

"சொல்லல."

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வைக்க வரவில்லை.

"எனக்கும் வலிக்குது தனம்," என்றேன். "ரெண்டு முட்டியும்."

"ரொம்பவா?" என்று கேட்டாள்.